பழைய லாரி பேசும். காது கொடுத்துக் கேட்க வேண்டும்!

பெங்களூர் ஒயிட்பீல்டு கூட்ஸ் ஷெட்டில் சிமெண்டு வேகன்கள் வந்து நின்றால், வெளியே லாரிகள் வரிசை கட்டும். அந்த வரிசையில் ஒரு பழைய ஆறு சக்கர லாரி. 2004-ல் பதிவானது. ஓட்டுபவரே சொந்தக்காரர். தர்மபுரி மாவட்டத்துக்காரர். 18 வருஷம் பிறர் லாரிகளில் டிரைவராக இருந்தவர்.

மூன்று வருஷத்துக்கு முன் இதை வாங்கினார். மனைவியின் நகை எட்டுப் பவுன் அடகுக் கடைக்குப் போனது. மீதிக்கு வட்டிக் கடன்.

"ஓட்டத் தெரியும் என்று வாங்கினேன் சார். வைத்துக்கொள்ளத் தெரியாது என்பது வாங்கிய பிறகுதான் தெரிந்தது" என்கிறார்.

ரசீது எழுதியது நான்

வாங்கிய இரண்டாவது மாதம். ஒருநாள் காலையில் லாரி கிளம்பவில்லை. செல்ப் அடித்து அடித்து பேட்டரி இறங்கிவிட்டது. மெக்கானிக்கைத் தேடிப் பிடித்து, அவர் ஷெட்டுக்கு வந்து சேரும்போது மதியம்.

இறக்கிய சரக்கை எடுத்துப்போக ரயில்வே கொடுக்கும் இலவச நேரம் முடிந்துவிட்டது. அதற்கு மேல் சரக்கு கிடந்தால் 'வார்பேஜ்' கட்டணம். ரசீது எழுதியவன் நான்தான். வியாபாரி அந்தப் பணத்தை லாரி வாடகையில் பிடித்துக்கொண்டார். அடுத்த லோடையும் வேறு லாரிக்குக் கொடுத்துவிட்டார். அந்த மாதத் தவணை தவறியது.

என்ன கோளாறு? டீசல் பைப்பில் காற்று புகுந்துவிட்டது. அவ்வளவுதான்! தேய்ந்துபோன ஒரு வாஷர் வழியாக இரவெல்லாம் காற்று ஏறியிருக்கிறது. பில்டரில் உள்ள திருகைத் தளர்த்தி, கை பம்பை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். நுரை நின்று சுத்தமான டீசல் வந்ததும் திருகை இறுக்க வேண்டும். இப்போது இதை அவரே பத்து நிமிடத்தில் செய்கிறார். டாங்கை வற்றவிடுவதும் இல்லை. வற்றினாலும் காற்று புகும்.

புகை சொல்லும் சேதி

சைலன்சரைப் பார்த்தே நோயைச் சொல்கிறார். கரும்புகை வந்தால் ஏர் பில்டர் அடைத்திருக்கலாம், நாசில் கெட்டிருக்கலாம், அல்லது பாரம் அதிகம். நீலப்புகை வந்தால் என்ஜின் ஆயிலும் சேர்ந்து எரிகிறது. குளிர்ந்த காலையில் சிறிது நேரம் வெள்ளைப்புகை வருவது சகஜம். என்ஜின் சூடான பிறகும் அது நிற்காமல், ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் வண்டியை ஓரம் கட்ட வேண்டியதுதான்.

இன்றைய புது லாரிகள் வேறு மாதிரி. 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்.-6 விதிக்குப் பிறகு எல்லாம் கம்ப்யூட்டர் மயம். கோளாறு பார்க்கவே கருவி மாட்ட வேண்டும். பழைய லாரியில் டீசல் பம்ப் முழுக்க யந்திர வேலை. பெங்களூர் ஆடுகோடியில் இருந்த மைக்கோ கம்பெனி அந்தப் பம்புகளுக்குப் பெயர் பெற்றது. 2008-ல் கம்பெனியின் பெயர் பாஷ் என்று மாறியும், பழைய மெக்கானிக்குகள் வாயில் இன்னும் 'மைக்கோ பம்ப்'தான்!

தொப்பூர் இறக்கம்

பெங்களூர் - சேலம் சாலையில் போகிறவர்களுக்குத் தொப்பூர் கணவாயைத் தெரியும். எத்தனையோ விபத்துகளைக் கண்ட இடம். டீசல் மிச்சம் என்று சிலர் அங்கே நியூட்ரலில் இறக்குவார்கள். அப்போது பாரம் முழுவதும் பிரேக்கின் தலையில் விழும். மிதிக்க மிதிக்க டிரம் சூடேறி, பிரேக் பிடிக்காமல் போகும்.

"கீழ் கியரில் போட்டால் என்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். அரை லிட்டர் டீசலுக்கு உயிரைக் கொடுப்பார்களா?" என்று கேட்கிறார்.

காலையில் பிரேக்குக்குரிய காற்றழுத்தம் முழுதும் ஏறாமல் வண்டியை நகர்த்துவதில்லை. மாலையில் காற்று டாங்கைத் திறந்து, தேங்கிய தண்ணீரை வெளியேற்றாமல் வீட்டுக்குப் போவதில்லை.

வாங்க நினைப்பவர்களுக்கு

நம் ஆட்களில் பலருக்குச் சொந்த லாரி ஆசை உண்டு. அவர் சொல்லும் யோசனை இது:

விடியற்காலையில் போய், என்ஜின் குளிர்ந்திருக்கும்போதே கிளப்பச் சொல்லிப் பாருங்கள். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். ஆர்.சி. புத்தகத்தில் கடன் பாக்கி உள்ளதா, வரி, இன்ஷூரன்ஸ் சரியா என்று பாருங்கள். எட்டு வருஷம் தாண்டிய லாரிக்கு வருஷா வருஷம் எப்.சி. எடுக்க வேண்டும். 15 வருஷம் தாண்டினால், 2022 ஏப்ரல் முதல் அதற்குக் கட்டணமும் அதிகம். கையிலுள்ள பணம் முழுவதையும் விலையில் கொட்டிவிடாதீர்கள். முதல் ஆறு மாத ரிப்பேருக்கு ஒரு தொகையை ஒதுக்குங்கள்.

அவரிடம் ஒரு நோட்டு இருக்கிறது. கோடு போட்டுக் கொடுத்தது நான். ஒவ்வொரு டிரிப்புக்கும் டீசல், கிலோமீட்டர், ஊற்றிய ஆயில் என்று எழுதி வருகிறார். மைலேஜ் குறைந்தால் காரணத்தைத் தேடுகிறார்.

நகையில் நாலு பவுன் வீட்டுக்குத் திரும்பிவிட்டது. அந்த வியாபாரியும் திரும்ப லோடு கொடுக்கிறார். ஷெட் வரிசையில் அந்த லாரி இப்போது முன்னால் நிற்கிறது. அதன் லோடுக்கு நான் வார்பேஜ் ரசீது எழுதி வெகு நாளாயிற்று.