சாம்பார் வாளியும் செண்பகத்தோப்புக் காடும்

ராஜபாளையத்துக் கல்யாணப் பந்தியில் ஒரு தடவை உட்கார்ந்து எழுந்தவருக்குக் காடு எப்படி இயங்குகிறது என்று பாதி புரிந்திருக்கும். யார் எந்த வாசல் வழியாக, எவ்வளவு பெரிய வாளியோடு, எப்போது வருகிறார் என்பதுதான் மீதி.

மேற்கே நிற்கும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இரண்டு வாசல். ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடல் ஈரத்தை வாளி நிறைய மொண்டுகொண்டு கேரள வாசலில் நுழையும். மலையேற ஏறக் குளிரும். குளிர்ந்த காற்றுக்கு அவ்வளவு நீராவியைத் தாங்கத் தெம்பில்லை. இடுக்கிப் பக்கத்து இலைகளிலேயே கொட்டிவிடும். இந்தப் பக்கம் இறங்கும்போது வாளி காலி, கரண்டிச் சத்தம் மட்டும். ஆடியில் ராஜபாளையத்து மொட்டை மாடித் துணிகள் பறக்கிற பறப்பு அதுதான். நம் இலைக்குப் பரிமாறும் ஆள் ஐப்பசியில் கிழக்கு வாசல் வழியாக, வங்கக்கடலிலிருந்து வருவார்.

இந்த வரிசையை நம்பித்தான் காடு இலை போட்டிருக்கிறது. செண்பகத்தோப்பு அடிவாரத்து மரங்கள் தையில் உதிர ஆரம்பிக்கும். மாசியில் மொட்டை இலவமரம் சிவக்கச் சிவக்கப் பூக்கும், புளி பழுக்கும். பருவமழைக்கு வெகு முன்பே, வெயிலிலேயே பல மரங்கள் தளிர் விடும். மேலே சோலையும் புல்வெளியும் பெரிய அண்டா. கொட்டியதை எல்லாம் பிடித்துவைத்து, மழை நின்ற பிறகும் ஓடைகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றும். விருந்தாளிகளில் முக்கியமானவர் சாம்பல் அணில். அவருக்காக 1988-ல் ஸ்ரீவில்லிபுத்தூரில் சரணாலயம் அறிவித்தார்கள். 2021-ல் மேகமலையையும் சேர்த்து, ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல், புலிகள் காப்பகமாக்கினார்கள். பலகையில் புலி வந்தாலும் அணிலுக்கு மரியாதை குறையவில்லை.

காலநிலை மாற்றம் வந்து முதலில் கைவைத்தது வாளியில். காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடேறினால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும். கேட்கச் சின்ன எண். ஆனால் பெரிய வாளி நிறைய நேரம் பிடிக்கும். அதுவரை பந்தி கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். சும்மாவும் இருக்க விடுவதில்லை, அந்தச் சூடான காற்று இலையிலும் மண்ணிலும் மிச்சமிருந்த ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். கடைசியில் வரும்போது கரண்டி கிடையாது, ஒரே கவிழ்ப்புதான். 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் பெய்தது. அந்தப் பக்கத்துக்கு அது ஒரு வருஷத்து மழைக்கும் மேல். ஒரு வெள்ளத்தின் பழியை முழுசாகக் காலநிலை மாற்றத்தின் தலையில் கட்டிவிட முடியாது. இப்படிக் கவிழ்க்கும் வாய்ப்பு கூடிக்கொண்டே போகிறது என்பதில் மட்டும் அறிவியலுக்குச் சந்தேகமில்லை. அண்டாவும் பாவம், நிதானமாக ஊற்றினால்தானே பிடிக்கும்? சதுரகிரி மலைக்கோயிலுக்குப் போகிறவர்களைக் கேளுங்கள்: ஓடையில் வெள்ளம் என்று ஒரு மாதம் தடை, காட்டுத்தீ என்று இன்னொரு மாதம் தடை.

பரிமாறும் முறை பற்றித் துல்லியமாக ஆர்டர் கொடுத்தவள் எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள். திருப்பாவையின் மூன்றாம் பாசுரத்தில் அவள் கேட்பது வெறும் மழையை இல்லை. கெடுதல் செய்யாத மழையை, அதுவும் மாதத்துக்கு மூன்று தடவையாகப் பிரித்து. அடுத்த பாசுரத்தில் மேகம் கடலுக்குள் புகுந்து நீரை மொண்டு மேலேறுவதையும் சொல்லிவிடுகிறாள். வானிலை ஆய்வு மையம் இதற்கு மேல் என்ன செய்யும்? ஆர்டரை வாங்கிக்கொண்ட நாம்தான் அடுப்பை ஏற்றிவைத்துவிட்டு வெளியே போய்விட்டோம்.

சமையற்கட்டின் குழப்பத்தைக் கிட்ட நின்று பார்க்க, மலையடிவாரத்து மாந்தோப்பு போதும். மார்கழியில் மாமரம் வாயைக் கட்டிக்கொண்டு நிற்கும். இரவுக் குளிரும் காய்ந்த மண்ணும் சேர்ந்தால் வளர்ச்சி நின்று, நுனிக்கிளை இலைகள் தோல்போல் முற்றி, அப்புறம்தான் பூங்கொத்து நீளும். அந்த நேரம் பார்த்து மழை கொட்டினால், மரம் பூவை மறந்து செம்பு நிறத்தில் கொழுந்து விட்டுவிடும். பாயசத்துக்கு உட்கார்ந்தவனுக்கு மறுபடி கூட்டு வைத்த கதை. பூத்த பிறகு பெய்தாலோ மகரந்தம் கரையும், பூசணம் பிடித்துப் பூங்கொத்து கருகும். தேனீ வந்து வெறும் இலையைப் பார்த்துவிட்டுப் போகும்.

இதில் இன்னொரு சிக்கல். சில மரங்கள் பகல் நீளத்தைப் பார்த்துத் தளிர் விடுகின்றன. பூச்சிகளோ பெரும்பாலும் வெப்பத்தைப் பார்த்துப் பொரிகின்றன. பகல் நீளம் மாறவில்லை, வெப்பம் மாறிவிட்டது. சமையல்காரர் கடிகாரத்தைப் பார்க்கிறார், விருந்தாளி வெயிலைப் பார்க்கிறார். புழு முந்திவிட்டால் அதை நம்பிக் குஞ்சு பொரித்த பறவைக்குக் கடைசிப் பந்திதான்.

சாம்பல் அணில் தரையிறங்க விரும்பாது. கிளைக்குக் கிளை தாவித்தான் பிழைப்பு. காட்டுக்குள் பழம் பொய்த்தால், கிளை கோத்துக் கிடக்கும் பட்டாத் தோப்புக்குள் வந்துவிடும். உடனே அழையா விருந்தாளி என்று நாம் புகார் எழுதுவோம்.

நம் பங்குக்கு நாமும் சும்மா இல்லை. ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் தினம். தவறாமல் மரக்கன்று நடுகிறோம். மலைக்கு அந்தப் பக்கம் மழை தொடங்கும் நாள்கள் அவை. இந்தப் பக்கம் அடுத்த நாலு மாதமும் காய்ந்த காற்று. நட்டு, படம் எடுத்து முடித்த பெரியவர்களுக்கு ஆளுக்கொரு பால்கோவாப் பொட்டலம் கொடுத்து வழியனுப்புகிறார்கள். கன்றுக்கு ஐப்பசியில்தான் பந்தி.