20 செ.மீ. பனி என்றால், எந்த உயரத்தில்?

2025 பிப்ரவரி இரண்டாம் வாரம் அக்கா மகன் பெங்களூரிலிருந்து போன் பண்ணினான். "மாமா, குல்மார்க்ல 21-ந் தேதி 20 செ.மீ. பனின்னு ஆப்ல காட்டுது. ஸ்கீயிங் கத்துக்கலாம்னு நாலு பேர் சேர்ந்திருக்கோம். டிக்கெட் போட்டுறவா?"

"போடு மாப்ள"ன்னு சொன்னது நான்தான். இருபது வருஷமா கம்ப்யூட்டரோடு குடும்பம் நடத்துறவன், வானிலை பற்றிப் பொழுதுபோக்காகப் படிக்கிறவன் என்று என்னிடம் கேட்டான். நானும் அந்த ஒற்றை எண்ணைப் பார்த்துவிட்டுச் சொல்லிவிட்டேன்.

போனார்கள். சரிவில் பாதி இடத்தில் புல்லும் மண்ணும் தெரிந்தது. அதே 22-ந் தேதி அங்கே தொடங்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளையே பனி போதவில்லை என்று தள்ளிவைத்துவிட்டார்கள் (பிறகு மார்ச் 9 முதல் 12 வரை நடந்தது). இவன் 24-ந் தேதி திரும்பி வந்தான். 26-ந் தேதி வாக்கில் காஷ்மீரில் பனி கொட்ட ஆரம்பித்தது! லீவும் போச்சு, காசும் போச்சு. அக்கா இன்னமும் என்னைப் பார்த்தால், "உன் மாமன் சொன்னான்னுதானே போன" என்று அவனைத் திட்டுகிற மாதிரி என்னைத் திட்டுகிறாள்.

அந்த 20 செ.மீ. எங்கிருந்து வந்தது என்று பிறகு உட்கார்ந்து தோண்டியதில் தெரிந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல் சிக்கல். நமக்குப் 'பனி' என்றால் எல்லாமே பனிதான். மார்கழிக் காலையில் புல் நுனியில் நிற்பதும் பனி, வத்திராயிருப்பு ரோட்டில் விடியக்காலம் பஸ் லைட்டை மறைப்பதும் பனி, ஊட்டியில் புல்வெளி வெள்ளையாகப் பூத்துக் கிடப்பதும் பனி, இமயமலையில் கொட்டுவதும் பனி. முதலாவது வெறும் நீர்த்துளி. இரண்டாவது தரையைத் தொடும் மேகம். மூன்றாவது உறைபனி: அது மேலிருந்து விழுவதே இல்லை, தரையிலேயே காற்றின் ஈரம் உறைந்து உண்டாவது. நாலாவதுதான் மேகத்துக்குள் படிகமாக உருவாகி இறங்கி வருவது. ஸ்கீயிங்குக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

அந்த நாலாவது பனி கூமாப்பட்டிக்கு மேலேயும் பெய்கிறது என்று சொன்னால் ஊரில் சிரிக்கிறார்கள். ஆனால் உண்மை. நம் பக்கத்து வானத்தில் தரையிலிருந்து ஏறக்குறைய 5 கி.மீ. உயரத்தில் வெப்பநிலை பூஜ்யத்தைத் தொடுகிறது. ஐப்பசி மாதம் இடியோடு வரும் மேகங்கள் அதைத் தாண்டி 10 கி.மீ.க்கும் மேலே வளர்பவை. அந்த மேல்பகுதி முழுக்கப் பனிப்படிகம். கீழே இறங்குகிற வழியில் உருகி, நம் தலையில் மழையாக விழுகிறது. உருக நேரம் கிடைக்காத பெரிய கட்டிகள் எப்போதாவது ஆலங்கட்டியாக வந்து சேரும்.

ஆக மழைக்கும் பனிக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் மேகத்தில் இல்லை, நாம் நிற்கிற உயரத்தில் இருக்கிறது. சராசரியாக ஒரு கி.மீ. மேலே ஏறினால் 6.5 டிகிரி குறையும். நம் ஸ்ரீவில்லிபுத்தூர் மலைத்தொடரின் கோட்டைமலை உச்சி 2,019 மீட்டர். அடிவாரத்தில் 22 டிகிரி என்றால் உச்சியில் 10 டிகிரி வாக்கில் இருக்கும். குளிரும், ஆனால் பனி விழாது.

இதே கணக்கைக் குல்மார்க்குக்குப் போடுங்கள். ஊர் இருப்பது சுமார் 2,650 மீட்டரில். அங்கிருந்து கோண்டோலா என்ற கம்பிவட வண்டி முதல் கட்டமாகக் கொங்தூரிக்கு, கிட்டத்தட்ட 3,100 மீட்டருக்கு ஏறுகிறது. இரண்டாம் கட்டம் அபர்வத் மலையில் 3,900 மீட்டரைத் தாண்டிப் போகிறது. கீழுக்கும் மேலுக்கும் எட்டு டிகிரிக்கு மேல் வித்தியாசம். ஊரில் பிளஸ் 2 என்றால் மேலே மைனஸ் 6. ஒரே நேரத்தில் கீழே சேறும் சகதியுமான ஈரப்பனி, மேலே மாவு மாதிரிப் பனி. 'குல்மார்க்கில் 20 செ.மீ.' என்று ஆப் சொன்னால் எந்தக் குல்மார்க்?

ஆப்புக்கே அது சரியாகத் தெரியாது என்பதுதான் விஷயம். கணினி மாடல்கள் பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்குப் போடுகின்றன. ஐரோப்பிய மையத்தின் மாடலில் ஒரு கட்டம் 9 கி.மீ. நம் வானிலைத் துறை 2025 மே மாதம் கொண்டுவந்த பாரத் முன்கணிப்பு முறையில் 6 கி.மீ. குல்மார்க் ஊரும் அபர்வத் உச்சியும் கிட்டத்தட்ட ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். கட்டத்துக்குள் இருக்கும் மலையைத் தேய்த்துச் சமமாக்கி, சராசரியாக ஒரு உயரத்தை வைத்துக்கொள்கிறது மாடல். அந்த உயரத்தில் ஊரும் இல்லை, உச்சியும் இல்லை.

இது நமக்குப் புதுசா என்ன? வத்திராயிருப்பில் வெயில் அடிக்கும்போது பிளவக்கல் பக்கம் மலை கருத்து நிற்பதைப் பார்த்துத்தானே வளர்ந்தோம். கீழே ஒரு சொட்டு விழாமலே ஓடையில் தண்ணீர் பாய்ந்து வரும். 2015 மே மாதம் சதுரகிரியில் அப்படி வந்த வெள்ளத்தில் பக்தர்கள் உயிரிழந்தார்கள். 2025 ஜூனில் ஒரு ரீல்ஸால் நம்ம ஊர் திடீரென்று பிரபலமானதிலிருந்து, போனில் 'மழை இல்லை' என்று பார்த்துவிட்டு ஓடையில் குளிக்க இடம் தேடி வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். போன் சொல்வது அடிவாரத்துக்கு. தண்ணீர் வருவது மலையிலிருந்து. சதுரகிரிப் பாதையை மழை நேரத்தில் வனத்துறை மூடினால் கோபப்படுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

குல்மார்க்குக்கு வருவோம். உயரம் முடிந்தால் அடுத்த சிக்கல், தண்ணீரைப் பனியாக மாற்றும் கணக்கு. மாடல் முதலில் கண்டுபிடிப்பது எத்தனை மி.மீ. நீர் விழும் என்பதைத்தான். பல ஆப்கள் அதைக் கண்ணை மூடிக்கொண்டு பத்தால் பெருக்கிவிடுகின்றன: 20 மி.மீ. நீர் என்றால் 20 செ.மீ. பனி. நிஜத்தில் மைனஸ் 10 வாக்கில் விழும் உலர்ந்த பனி 15 மடங்கு, சில நேரம் 20 மடங்குகூட உப்பும். பூஜ்யத்தை ஒட்டி விழுவது ஐந்து மடங்கோடு நின்றுவிடும், அல்லது மழையாகவே போய்விடும். அதே 20 மி.மீ. நீர் உச்சியில் 30 செ.மீ. ஆகலாம், ஊரில் 8 செ.மீ. சகதியாகலாம்.

காற்று உலர்ந்திருந்தால் பிளஸ் 1, பிளஸ் 2 டிகிரியிலும் பனி விழும். மண்பானைத் தண்ணீர் குளிர்வது போலத்தான்: விழுகிற படிகத்திலிருந்து ஈரம் ஆவியாகிச் சுற்றிலும் குளிரவைக்கிறது. அதனால் வெறும் தெர்மாமீட்டர் எண்ணைவிட ஈரக்குமிழ் வெப்பநிலையைப் பார்ப்பது நல்லது. 2011 தெற்காசிய குளிர்கால விளையாட்டுக்காக உத்தராகண்ட் அவுலியில் செயற்கைப் பனி இயந்திரங்கள் வைத்தார்கள். அவற்றை ஓட்டலாமா வேண்டாமா என்பதும் இதே எண்ணை வைத்துத்தான்.

என் பெரிய தப்பு இது எதுவும் இல்லை. பன்னிரண்டு நாள் தள்ளி வரும் எண்ணை நம்பியது. காஷ்மீரின் குளிர்காலப் பனி, மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் 'மேற்கத்திய இடையூறு' என்ற காற்றுச் சுழற்சிகளால் கிடைப்பது. அது சரியாக எந்த நாள், எவ்வளவு வடக்கே போகும் என்பது நாலைந்து நாளுக்கு முன்னால்தான் உருப்படியாகத் தெரியும். அதனால்தான் ஐரோப்பிய மையம் தொடக்க நிலையைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி 50 தடவை ஓட்டிப் பார்க்கிறது. ஐம்பதில் நாற்பது பனி என்றால் நம்பலாம். ஐந்து மட்டும் 60 செ.மீ. என்று சொல்லி மற்றவை பூஜ்யம் என்றால், சராசரி 6 செ.மீ. என்று வரும். அந்த 6 நடக்கவே போவதில்லை. நாங்கள் பார்த்த ஆப் ஒரே ஒரு ஓட்டத்தின் எண்ணைக் காட்டியது. அமெரிக்க மாடல் ஒரு நாளைக்கு நாலு தடவை ஓடுகிறது. மறுநாள் காலையில் நான் திரும்பப் பார்த்திருந்தாலே எண் மாறியிருக்கும்.

சரி, 20 செ.மீ. விழுந்தே விட்டது என்று வையுங்கள். ஸ்கீ போட முடியுமா? கீழே ஏற்கெனவே என்ன கிடக்கிறது என்பதைப் பொறுத்தது. புல்வெளிச் சரிவுக்கே அரை மீட்டராவது படிந்திருந்தால் நல்லது, பாறைச் சரிவுக்கு இன்னும் அதிகம் வேண்டும். டிசம்பர் 21-ல் தொடங்கும் 40 நாளைக் காஷ்மீரிகள் 'சில்லை கலான்' என்கிறார்கள். அப்போது விழுவது தங்கும், பிறகு விழுவது சீக்கிரம் கரையும். 2024 ஜனவரியில் பெரும்பகுதி குல்மார்க் காய்ந்து கிடந்தது. பிப்ரவரியில் கொட்டியது. பிப்ரவரி 22-ந் தேதி பனிச்சரிவில் ஒரு ரஷ்யர் இறந்தார். அதற்கு முந்தைய வருஷம் 2023 பிப்ரவரி 1-ல் அபர்வத் பகுதியில் இரண்டு போலந்துக்காரர்கள்.

ஆசைப்பட்டுப் பார்க்கிற அதே எண்தான் ஆபத்தின் எண்ணும். பழைய பனியின் மேல்பகுதி பல நாள் குளிரில் சர்க்கரை போல உதிரியாகிவிடும். அதன்மேல் திடீரென்று கனமாகப் புதுப்பனி விழுந்தால் பிடிப்பு இருக்காது. 30 முதல் 45 டிகிரி சரிவில் ஒரு ஆள் குறுக்கே போனாலே பலகை பலகையாகப் பெயர்ந்து வரும். இதற்குப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் கீழுள்ள, சண்டிகரில் இருக்கும் டி.ஜி.ஆர்.இ. தனியாக எச்சரிக்கை வெளியிடுகிறது. பனி ஆப் இதைச் சொல்லாது. புதுப்பனி விழுந்த மறுநாள் வானம் நீலமாக இருக்கும், போட்டோவுக்கு அருமையாக இருக்கும். கட்டிய பாதையை விட்டு இறங்கக் கூடாத நாளும் அதுதான்.

இந்த வருஷம் மருமகன் திரும்பவும் ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். "மாமா, 35 செ.மீ."

"எத்தனை மீட்டர்ல மாப்ள? எத்தனை நாள் தள்ளி? கீழ எவ்வளவு கிடக்கு?"

கொஞ்ச நேரம் பதிலே இல்லை. அப்புறம், "அம்மாகிட்ட நீங்களே பேசுங்க" என்று வந்தது.