இரண்டு வண்டி, ஆறு ஊர்: வகுப்பறைக்கு ஒரு கணக்கு

பல வீடுகளுக்கு எரிவாயு உருளை கொண்டு செல்லச் சில வண்டிகளே உள்ளன. எந்த வண்டி எந்த வீடுகளுக்கு, எந்த வரிசையில் சென்றால் மொத்தத் தூரம் குறையும்? 1959-இல் டான்ட்சிக், ராம்சர் ஆகியோர் பெட்ரோல் லாரிகளுக்காக இக்கணக்கை வகுத்தனர்.

“எல்லா வழிகளையும் எழுதிப் பார்க்கலாமே, சார்?” என்று என் ஏழாம் வகுப்பு மாணவர்கள் கேட்பதுண்டு. ஒரே வண்டி 10 வீடுகளுக்குச் செல்லும் வரிசைகளே 36,28,800. வீடுகள் 20 ஆனால் அது 19 இலக்க எண்!

1964-இல் கிளார்க், ரைட் தந்த ‘சேமிப்பு முறை’க்குக் கூட்டல், கழித்தல் போதும். கிடங்கிலிருந்து ‘அ’ 5 கி.மீ., ‘ஆ’ 6 கி.மீ., இரண்டுக்கும் இடையே 2 கி.மீ. எனக் கொள்வோம். தனித்தனியே சென்று திரும்பினால் 10 + 12 = 22 கி.மீ. சேர்த்துச் சென்றால் 5 + 2 + 6 = 13 கி.மீ. சேமிப்பு 9 கி.மீ. இவ்வாறு ஒவ்வோர் இணைக்கும் சேமிப்பைக் கண்டு, பெரியதிலிருந்து தொடங்கி இணைக்க வேண்டும். வண்டியின் கொள்ளளவை மீறக்கூடாது.

இம்முறை நல்ல விடையைத் தரும். ஆனால் அதுவே மிகச் சிறந்தது என்ற உறுதி இல்லை. வகுப்பில் இதன் பயனும் அதுதான். கரும்பலகையில் ஆறு ஊர்களை வரைந்து, வண்டிக்கு மூன்று ஊர் என இரண்டு வண்டிகளைக் கொடுக்கிறேன். குழுக்களின் விடைகள் மாறுபடும். சரியா, தவறா என்று நான் சொல்வதில்லை. “இன்னும் குறைக்க முடியுமா?” என்று மட்டும் கேட்கிறேன். விடைக்காக என் முகத்தைப் பார்த்திருந்த பிள்ளைகள், அடுத்த குழுவின் தூரத்தைக் கூட்டிச் சரிபார்க்கத் தொடங்குகிறார்கள்.