கல்லூரியில் சமய நல்லுறவு: பதற்றம் வருமுன் பேசுவோம்

ஹனூர்ப் பகுதியில் வாழும் நமக்குப் பல சமயங்கள் புதியவை அல்ல. மலை மாதேஸ்வரரைத் தரிசிக்கக் கன்னடரும் தமிழரும் சேர்ந்தே மலையேறுகிறார்கள். மார்டள்ளியில் தமிழ்க் கத்தோலிக்கர்கள் தலைமுறைகளாக வாழ்கிறார்கள். ஒடேயர்பாளையத்தில் திபெத்திய பௌத்தர்களின் குடியிருப்பு 1970களிலிருந்து இருக்கிறது. சந்தைக்குப் போனால் எல்லோரும் முகம் தெரிந்தவர்கள். ஆனால் நம் பிள்ளைகள் கல்லூரிப் படிப்புக்காகக் கொள்ளேகால், மைசூர், பெங்களூர் என்று செல்லும்போது அந்த முகப்பழக்கம் கூடவே போவதில்லை.

அது இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதை 2022இல் கண்டோம். உடுப்பியில் ஓர் அரசு மகளிர் பி.யு. கல்லூரியில் எழுந்த ஹிஜாப் பிரச்சினை சில வாரங்களில் மாநிலம் முழுவதும் பரவியது. ஒரே வகுப்பில் படித்தவர்கள் காவித்துண்டுடன் ஒரு பக்கமும் ஹிஜாபுடன் மறுபக்கமும் நின்றார்கள். பிப்ரவரியில் அரசு உயர்நிலைப் பள்ளிகளையும் கல்லூரிகளையும் மூன்று நாள் மூட நேர்ந்தது. மார்ச் 15 அன்று உயர் நீதிமன்றம் அரசின் சீருடை ஆணை செல்லும் என்றது. அக்டோபர் 13 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் இரு வேறு தீர்ப்பு அளித்தனர். சட்டம் எது என்று சொல்வது நீதிமன்றத்தின் வேலை. ஆனால் பக்கத்து பெஞ்சில் இருப்பவளிடம் மறுபடி எப்படிப் பேசுவது என்பதை எந்த நீதிமன்றமும் சொல்லித்தர முடியாது.

தமிழர்களாகிய நாம் இதை நன்கு அறிவோம். 1991 டிசம்பரில் காவிரிக் கலவரத்தின்போது பெங்களூரிலும் மைசூர்ப் பகுதியிலும் தமிழ்க் குடும்பங்கள் தாக்கப்பட்டன. பலர் ஊரைவிட்டே போனார்கள். அப்போது கைகொடுத்தவர்களில் பலர் அண்டை வீட்டுக் கன்னடர்கள்தாம். கலவரத்தன்று பிறந்த நட்பல்ல அது. பல ஆண்டுப் பழக்கம்.

கருத்து வேறுபாடு இருப்பது குற்றமல்ல. திருத்தணியில் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தபோது, இந்து சமயத்தைப் பற்றிய மிஷனரிகளின் விமர்சனம் அவரை வருத்தியது. அதற்காக அவர் சண்டைக்குப் போகவில்லை. தம் சமய நூல்களை ஆழ்ந்து படித்து, 1908இல் வேதாந்தத்தின் அறநெறி பற்றி ஆய்வுரை எழுதினார். அவருடைய ஆசிரியர் ஏ. ஜி. ஹாக் என்ற மிஷனரி அதை மனமாரப் பாராட்டினார். பின்னர் மைசூர் மகாராஜா கல்லூரியில் ஆசிரியராக இருந்த ராதாகிருஷ்ணன் 1921இல் விடைபெற்றபோது, மாணவர்கள் அவரை வண்டியில் அமர்த்தித் தாங்களே ரயில் நிலையம்வரை இழுத்துச் சென்றது இன்றும் பேசப்படுகிறது.

ரயில்வேயில் வேலை பார்த்த எனக்கு ஒன்று தெரியும். நீளமாகப் பற்றவைத்த தண்டவாளத்தின் இறுக்கத்தைக் கோடைக்கு முன்பே தளர்த்தி வைக்க வேண்டும். வெயில் உச்சியில் இருக்கும்போது ஜல்லியைக் கிளறினால் பாதையே வளைந்துவிடும். கல்லூரிக்கும் அப்படியே. சண்டை மூண்ட பிறகு கூட்டும் சமாதானக் கூட்டத்தால் பலன் குறைவு. கல்வியாண்டின் முதல் மாதத்திலேயே மாணவர்களைச் சேர்த்து உட்கார வைக்க வேண்டும்.

அதற்குச் சில வழிகள் உண்டு. ஒவ்வொருவரும் தம் சமயத்தைப் பற்றி மட்டும் பேசட்டும். பிறர் சமயத்தைக் கேள்வியாகக் கேட்கலாம், தீர்ப்பாகச் சொல்ல வேண்டாம். வெறும் பேச்சோடு நிறுத்தாமல் நாட்டு நலப்பணித் திட்ட முகாம், ரத்ததானம் போன்ற பணிகளில் எல்லோரையும் கலந்து குழு அமைக்க வேண்டும். சேர்ந்து மண்வெட்டி பிடித்தவர்கள் எளிதில் எதிரெதிர் அணியில் நிற்க மாட்டார்கள். வெளியார் வந்து கோஷம் போட இடம் தரக்கூடாது.

பெற்றோராகிய நமக்கும் பங்கு உண்டு. வாட்ஸ்அப்பில் வரும் வதந்தியை விசாரிக்காமல் அடுத்தவருக்கு அனுப்பாதிருப்போம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பிள்ளைகளின் வேற்றுச் சமய நண்பர்களை வீட்டுக்கு அழைப்போம். ரம்ஜானுக்கும் கிறிஸ்துமஸுக்கும் அவர்கள் அழைத்தால் தயங்காமல் அனுப்புவோம். நம் சங்கமும் வரும் கல்வியாண்டின் தொடக்கத்தில் கல்லூரி மாணவர்களுக்காக இப்படி ஒரு சந்திப்பை நடத்தினால், கன்னட அன்பர்களையும் சேர்த்தே அழைக்க வேண்டும் என்பது என் பணிவான வேண்டுகோள்.