முதுமையா குற்றவாளி?

“வயதாகிவிட்டது!” இந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு எத்தனை வீடுகளில் கை கழுவிக்கொள்கிறோம்! தாத்தா எழுந்து நடக்கவில்லையா? வயதாகிவிட்டது. பாட்டி நேற்றிலிருந்து ஏதேதோ பிதற்றுகிறாரா? வயதாகிவிட்டது. முதுகிலே புண் கண்டுவிட்டதா? அதற்கும் வயதுதான் காரணம்! விசாரணை இல்லை, சாட்சி இல்லை. முதுமையைக் கூண்டிலே ஏற்றித் தீர்ப்பும் எழுதிவிடுகிறோம்.

இந்தத் தீர்ப்பைத் திருத்தி எழுதிய ஒரு பெண்மணியின் வரலாற்றைக் கேளுங்கள், தோழர்களே!

இலண்டனின் மேற்குப் பகுதியில் இருக்கிறது வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனை. 1935இல், பக்கத்திலிருந்த ஏழையர் விடுதியின் நோயாளிகளை அது தன் பொறுப்பில் ஏற்றது. 714 பேர்! முதியோர், முடங்கியோர், இனி எழமாட்டார் என்று ஒதுக்கப்பட்டோர். அங்கே பணியாற்றிய டாக்டர் மார்ஜரி வாரன் அம்மையார் ஒவ்வொருவரையும் சோதித்தார். இவருக்கு என்ன நோய், எது குணமாகும், எதற்குப் பயிற்சி வேண்டும் என்று பிரித்தறிந்தார். இருண்ட அறைகளில் வெளிச்சம் ஏற்றினார், படுத்தோரை உட்காரவைத்தார், உட்கார்ந்தோரை நிற்கவைத்தார். விளைவு? பலர் நடந்தனர், வீடு திரும்பினர். 714 படுக்கைகள் 240ஆகக் குறைந்தன! அவர்களுடைய வயதா குறைந்தது? இல்லை, அலட்சியம் குறைந்தது!

முதுமை வரும், மறுப்பார் யார்? தோல் மெலியும், தசை சுருங்கும், எலும்பு வலுவிழக்கும். தாக உணர்ச்சியே மங்கிவிடும். கிழவர் தண்ணீர் கேட்கவில்லை என்பதற்காக, அவருக்குத் தண்ணீர் வேண்டாம் என்று பொருளாகாது. ஒரே நாளில் புத்தி தடுமாறினால் அது முதுமை அன்று. சிறுநீரில் நோய்க்கிருமியோ, உடலில் நீர் வறட்சியோ, ஒத்துக்கொள்ளாத மாத்திரையோ உள்ளிருந்து செய்யும் வேலையாக இருக்கலாம். உடனே டாக்டரிடம் காட்டவேண்டிய அவசரம் அது.

படுக்கைப்புண்ணை எடுத்துக்கொள்வோம். ஒரே நிலையில் கிடப்பவரின் இடுப்பிலும் குதிகாலிலும் உடலின் எடை அழுத்துகிறது. இரத்த ஓட்டம் தடைப்படுகிறது. சதை செத்துப் புண்ணாகிறது. எண்ணெயும் பூச்சும் தடவிக்கொண்டிருந்த காலத்தில், டோரீன் நார்ட்டன் என்ற ஆங்கிலேயச் செவிலி, தோழர் இருவருடன் ஆராய்ந்து 1962இல் நூல் வெளியிட்டார். தடவுவதல்ல, அழுத்தத்தை நீக்குவதே வழி. நேரம் தவறாமல் புரட்டிப் படுக்கவைப்பதே காப்பு என்று காட்டினார். உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், அசைவு, மலசலக் கட்டுப்பாடு ஆகிய ஐந்துக்கும் மதிப்பெண் இட்டு, புண் வரக்கூடியவரை முன்கூட்டியே கண்டறியும் அளவுகோலும் தந்தார். செவிலித் தொழில் வெறும் இரக்கமல்ல, அறிவு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நம் வீட்டுக்கு வருவோம். இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டவேண்டும், நள்ளிரவிலும்! புரட்டுவது யார்? மகள், இல்லையேல் மருமகள். அவளுக்குச் சொல்லித்தந்தவர் யார்? ஒருவருமில்லை. ஊதியம்? பேச்சே இல்லை! ‘புண்ணியவதி’ என்று பட்டம் சூட்டிவிட்டுப் பக்கத்து அறையில் உறங்குகிறோம். அவள் இடுப்பு ஒடிந்தால், அதற்குப் பெயர் தலைவிதி!

தமிழகம் இதில் வழிகாட்டியது உண்டு. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978இலேயே டாக்டர் வி.எஸ். நடராசன் முதியோருக்கெனத் தனிப் புறநோயாளர் பிரிவு தொடங்கினார். 2007இல் பெற்றோரைப் பேணும் சட்டமும் வந்தது. அச்சட்டம் பிள்ளையிடமிருந்து பணம் வாங்கித் தரும், புரட்டிப் படுக்கவைக்குமா? 2011 கணக்கெடுப்பின்போதே இந்தியாவில் அறுபதைக் கடந்தோர் 10 கோடிக்கு மேல்! அத்தனை பேரையும் பெண்களின் முதுகெலும்பு ஒன்றே தாங்குமா?

எனவே கேட்கிறோம்: ஊர்தோறும் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில், வீட்டில் முதியோரைப் பேணுவோருக்குப் பயிற்சி கொடுங்கள். பயின்ற செவிலியை வாரந்தோறும் படுக்கையருகே அனுப்புங்கள். அந்தச் செவிலிக்கு உழைப்புக்கேற்ற ஊதியம் தாருங்கள். ஆண்மக்களே, நள்ளிரவுப் புரட்டலில் ஒன்றையேனும் உங்கள் பங்காக ஏற்றுக்கொள்ளுங்கள்!

‘வயதாகிவிட்டது’ என்பது இனி முடிவுரையாக வேண்டாம், முன்னுரையாகட்டும். வயதாகிவிட்டது, ஆகவே தண்ணீர் கொடு! வயதாகிவிட்டது, ஆகவே புரட்டிப் படுக்கவை! வயதாகிவிட்டது, ஆகவே கைகொடுத்து நிற்கவை!