சூயிங்கத்தோடு வந்த இலவசப் படங்கள்

முத்திரைகளையும் நாணயங்களையும் சேர்ப்போர் எந்நாட்டிலும் உளர். அமெரிக்காவிலோ, கிரிக்கெட்டைப் போலத் துடுப்பும் பந்தும் கொண்டு ஆடப்படும் பேஸ்போல் விளையாட்டின் வீரர் படம் பொறித்த அட்டைகளைச் சேர்ப்பது பெரியதொரு பொழுதுபோக்காகும். நியூயோர்க் நகரின் புரூக்ளின் பகுதியில் இயங்கிய டொப்ஸ் நிறுவனம், 1950ஆம் ஆண்டுகளில் இவ்வட்டைகளைச் சூயிங்கத்துடன் பைக்கற்றில் இட்டுச் சில சதங்களுக்கு விற்றது. 1960ஆம் ஆண்டுகளில், சிறுவரின் ஆவலைத் தூண்டும்பொருட்டு, வழக்கமான அட்டைகளோடு வேறொரு சிறு பொருளையும் இலவச இணைப்பாக உள்ளே வைத்தது. அவ்விணைப்புகளைத் தொகுதி தொகுதியாகத் தேடிச் சேர்ப்போர் இன்று பலர்.

இவ்விணைப்புகளுட் பல பேணி வைப்பதற்கென்று செய்யப்பட்டவையல்ல. பயன்படுத்தித் தீர்ப்பதற்கென்றே செய்யப்பட்டவை. 1961இல் வந்த 36 படங்களைத் தாளில் வைத்துத் தேய்த்தால், உருவம் அத்தாளில் இறங்கிவிடும். 1967இன் 32 சுவரொட்டிகள் மெல்லிய தாளில் அச்சாகி, மடிக்கப்பட்டே பைக்கற்றினுள் வந்தன. 1968இன் 33 அட்டைகள் சீட்டுக்கட்டைப் போல வைத்து விளையாடுதற்குரியன. 1970இன் 24 அட்டைகளிலோ, கறுப்புப் புள்ளிகளைச் சுரண்டினாலன்றி ஆட்டம் நடவாது.

ஆகவே, அவற்றின் இன்பத்தை முற்றாக நுகர்ந்த சிறுவன் கையில் ஒன்றும் எஞ்சவில்லை. விளையாடாது பெட்டியில் மறந்து வைத்தவனுடையதே இன்று விலைபெறுகின்றது!

சேர்ப்போர்க்கு நுணுக்கமான அறிவும் வேண்டும். 1969இல் ஓரம் நெளிநெளியாக வெட்டப்பட்ட கறுப்பு வெள்ளைப் படங்கள் வந்தன. அவற்றின் இலக்கங்கள் 33. ஆயினும், 11ஆம் 22ஆம் இலக்கங்கள் ஒவ்வொன்றிலும் இருவேறு வீரரின் படங்கள் உண்டு. எனவே முழுத் தொகுதி 35 ஆகும். முப்பத்து மூன்றோடு நிறைவடைந்தவர் உண்மையில் நிறைவு செய்தவரல்லர்.

1952ஆம் ஆண்டின் மிக்கி மான்டில் அட்டையொன்று 2022இல் 126 இலட்சம் டொலருக்கு ஏலம்போயிற்று. இணைப்புகளுக்கு அத்தகைய விலை இல்லை. ஆதலின், பொறுமையுள்ள எளியவரும் ஒரு தொகுதியை நிறைவு செய்யலாம். வெயிலும் ஈரமும் படாது காத்தல் வேண்டும். இறப்பர் நாடாவாற் கட்டினால் ஓரங்கள் கெடும்.

ஆயினும், பின்னாளில் விலைபெறும் என்றெண்ணிக் குழந்தையின் கையிலுள்ள விளையாட்டுப் பொருளைப் பறித்துப் பூட்டி வைத்தல் அறிவாகாது. சுரண்டித் தேய்ந்த அட்டையும் தான் பிறந்த பயனை அடைந்ததேயன்றோ?