செவியெலும்பு புகட்டும் பாடம்

சத்திர சிகிச்சையை நூலினின்று மாத்திரம் கற்றல் இயலாது. கை பழக வேண்டும். ஆயினும், கற்பவனது முதற் பிழைகளை நோயாளி தாங்குவதும் அறமாகாது. இவ்விரண்டிற்கும் இடையே மருத்துவ உலகம் கண்ட வழியைக் காது, மூக்கு, தொண்டைச் சத்திர வைத்தியரின் பயிற்சி நன்கு விளக்கும். ஐக்கிய அமெரிக்காவில் வழங்கும் முறையை ஈண்டு நோக்குவாம்.

போல்ற்றிமோர் நகரில் 1889 ஆம் ஆண்டு ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலை திறக்கப்பட்டது. இளம் வைத்தியர் வைத்தியசாலையிலேயே வதிந்து படிப்படியாகப் பொறுப்பேற்கும் முறையை அங்கு வளர்த்தவர் வில்லியம் ஹால்ஸ்ரெட் என்பார். வதிவிடப் பயிற்சி எனப்படும் அம்முறை இன்று இத்துறையில் 5 ஆண்டுகள் நீடிக்கின்றது. முதலாண்டிற் பொதுச் சத்திர சிகிச்சை, மயக்க மருந்தளித்தல், கடும் நோயாளரைப் பராமரித்தல் முதலியனவும் கற்பிக்கப்படும். மூச்சுவழி அடைபட்டவனைச் சில நிமிடங்களுள் காக்க வேண்டிய துறையாதலின், இவ்வடித்தளம் இன்றியமையாதது.

இப்பயிற்சியின் சிறப்பான பகுதி எலும்பாய்கூடமாகும். இறந்தோர் ஈந்த உடலிலிருந்து, செவியைத் தன்னுள் அடக்கிய கடைநுதலெலும்பைப் பெற்று, நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துச் சுழல்கருவியாற் சிறிது சிறிதாகக் குடைவர். எலும்பு சூடேறாவண்ணம் நீர் இடைவிடாது பாய்ச்சப்படும். குடையுமிடத்திற்கு மேலே மூளையின் உறை. பின்னே பெரியதொரு குருதிக்கால். உள்ளே நத்தையோட்டை யொத்த கேள்வியுறுப்பு. அருகே 3 மில்லிமீற்றர் அளவினதான ஏந்தியுரு என்னுஞ் சிற்றெலும்பு. இவற்றிடையே ஒடுங்கிய கால்வாயொன்றினூடே முக நரம்பு செல்கின்றது. அந்நரம்பு அறுபடின் கண்ணிமை மூடாது, வாய் கோணும், கேள்வியை மீட்க வந்தவன் தன் புன்னகையை இழந்து வீடு செல்வான்.

ஆதலின், நரம்பினருகே கருவியைக் குறுக்கே செலுத்தாது, அதன் போக்கிற்கு இணையாகவே செலுத்துமாறு ஆசிரியர் பணிப்பர். மெல்லிய எலும்பினூடே நரம்பின் சாயல் தோன்றியதும் கை நிற்க வேண்டும். குடையக் கற்பதினும் நிறுத்தக் கற்பதே அரிது.

இவ்வாறு பழகியபின்னரும் முழுச் சிகிச்சையும் ஒருங்கே ஒப்படைக்கப்படுவதில்லை. முதலிற் பார்த்தல், பின் உதவுதல், பின்னர் ஆசிரியர் கண்காணிப்பில் ஒவ்வொரு கட்டமாகச் செய்தல், இறுதியாண்டில் தலைமைப் பயிற்சியாளராகி இளையோரை வழிநடத்தல் என இது வளரும். களைத்த கை தவறுமாதலின், 2003 ஆம் ஆண்டு முதல் அந்நாட்டில் பயிற்சியாளரின் வேலை நேரம் கிழமைக்குச் சராசரி 80 மணித்தியாலத்திற்கு மேற்படலாகாதென வரையறுக்கப்பட்டுள்ளது. அதுவும் சிறிய சுமையன்று.

வைத்தியராக விழையும் நம் கல்லூரி மாணவர் ஒன்றை நினைவிற் கொள்வாராக. செவிச் சத்திர வைத்தியனின் முதலாசிரியர்களுள் ஒருவர், தம் உடலை ஈந்து மறைந்த, பெயரறியா ஒருவர். அவர் தாங்கிய பிழைகளே உயிருள்ள நோயாளியைக் காக்கின்றன. அந்நன்றிக்கடனை ஆரவாரத்தாற் செலுத்தல் இயலாது. நிறுத்த வேண்டிய இடத்தில் நிற்கும் கையினாற் செலுத்தலே தகும்.